ஜனவரியில் 4 இரவு சிகாகோ, அம்மாவோடு: எப்படித் திட்டமிடுவது?

மஞ்சக்குப்பம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 14, வியாழன், போகியன்று விடியற்காலை சென்னையில் ஏறி, அபுதாபி வழியாக அன்றே மாலை சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் இறங்குவதாக யோசனை. 18 திங்கள் இரவு திரும்பல். டிக்கெட் இன்னும் போடவில்லை. கடலூரிலிருந்து நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு வயது 67. சர்க்கரை உண்டு, இன்சுலின் பேனா போட்டுக்கொள்கிறார். முட்டி வலி உண்டு, ஆனால் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார்.

எனக்கு இந்திய பாஸ்போர்ட், பி1/பி2 சுற்றுலா விசா இருக்கிறது. அம்மா பாண்டிச்சேரி சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பம், பிரெஞ்சு பாஸ்போர்ட், கூடவே வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ கார்டு. ஓட்டல் நகர மையமான லூப் பகுதியில் பார்க்கிறேன்.

கேள்விகள்: அம்மாவுக்கு விசா வேண்டுமா? குளிருக்கு இங்கேயே என்ன வாங்குவது, அங்கே போய் என்ன வாங்குவது? நான்கு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? இருவரும் சைவம். ஊட்டி, கொடைக்கானல் தவிர வேறு குளிர் தெரியாது.

---

உப்பளம்

அம்மா விஷயத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம், எஸ்டா என்ற இணையவழி முன் அனுமதி போதும். 2025 செப்டம்பர் 30 அன்று கட்டணம் 40 டாலராக ஏறியது. அதற்கு முன் 21 ஆக இருந்தது, பழைய பதிவுகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கிடைத்தால் 2 ஆண்டு செல்லும், அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அதோடு முடியும். ஒரு தடவைக்கு 90 நாள் வரை தங்கலாம், நீட்டிக்க வழியில்லை. திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்வார்கள். நீங்கள் டிக்கெட் போட்ட அன்றே போட்டுவிடுங்கள்.

தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்குவார்கள். அரசுத் தளத்தின் முகவரி 'டாட் கவ்' என்று முடியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கார்டு எண்ணைத் தட்ட வேண்டும்.

பாண்டிச்சேரிப் பெண்கள் தவறவிடும் இடம் பெயர்தான். பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயர் மேலே இருக்கும். கணவர் வீட்டுப் பெயர் 'எப்பூஸ்' (மனைவி) என்ற குறியோடு தனியாக இருக்கும். படம் உள்ள பக்கத்தின் அடியில், இடைவெளியே இல்லாமல் அம்புக்குறியாக ஓடும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் பிறந்த வீட்டுப் பெயர் மட்டும்தான் வரும். எஸ்டாவிலும் விமான டிக்கெட்டிலும் அந்த இரண்டு வரியில் உள்ளபடியே போடுங்கள். டிக்கெட்டில் கணவர் பெயரும் எஸ்டாவில் அப்பா பெயரும் இருந்தால் செக்-இன் கவுன்டரில் இரண்டும் ஒட்டாது, போர்டிங் பாஸ் வராது.

விண்ணப்பத்தில் 'வேறு நாட்டுக் குடியுரிமை உண்டா' என்ற கேள்வி வரும். ஓசிஐ என்பது பெயரில்தான் சிட்டிசன், சட்டப்படி அது ஆயுள் விசா மாதிரி. இந்தியக் குடியுரிமை அல்ல. எனவே ஓசிஐயை வைத்து 'ஆம்' என்று போடக்கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த ஓசிஐ கார்டை அம்மா கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்குள் நுழைய அது தேவையில்லை, ஊர் திரும்பத்தான் தேவை. பிரெஞ்சு பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் ஓஹேரில் இந்தியா போக விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்பது அங்கே செல்லாது.

---

லேக்வியூ

சிகாகோவிலிருந்து எழுதுகிறேன். ஜனவரியில் பகல் உச்சம் சராசரி 0 டிகிரி செல்சியஸ் ஒட்டி, இரவு மைனஸ் 7, 8. இது சராசரி. 2019 ஜனவரி 30 அன்று மைனஸ் 31 வரை போனது. அதே மாதத்தில் 8, 10 டிகிரி காட்டும் நாளும் வரும். இரண்டுக்கும் தயாராக வர வேண்டும்.

செல்போனில் பார்ப்பதை விட்டால் இங்கே கண்ணில் படுவதெல்லாம் ஃபாரன்ஹீட். 32 என்றால் உறைநிலை. 14 என்றால் மைனஸ் 10. 0 என்றால் மைனஸ் 18. இந்த மூன்றும் மனப்பாடமாக இருந்தால் போதும். கூடவே 'விண்ட் சில்' என்று ஒரு எண் சொல்வார்கள், நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். வெப்பம் மைனஸ் 10, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. விண்ட் சில் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து செத்துப்போகும். விரல் நுனி, மூக்கு, காது மடல் முதலில். அந்த எண் வரும் நாளில் அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு நடக்காதீங்க. வாசலுக்கு வண்டி வரட்டும்.

உடை. ஊட்டிக்குப் போட்ட ஜெர்க்கினும் மங்கி குல்லாவும் இங்கே உள் அடுக்குக்குத்தான் ஆகும். மூன்று அடுக்கு வேண்டும்.

உடம்பை ஒட்டி தெர்மல் எனும் குளிர் உள்ளாடை, மேலும் கீழும். பருத்தி வேண்டாம். பனியன் துணி வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், ஐந்து நிமிடம் வெளியே நின்றதும் அந்த ஈரம்தான் உங்களை நடுங்க வைக்கும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் எடுங்க. ஆளுக்கு இரண்டு செட் போதும், இரவு துவைத்துப் போட்டால் ஹீட்டர் காற்றில் காலைக்குள் காய்ந்துவிடும்.

நடுவில் ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியெஸ்டர் துணி) அல்லது நல்ல ஸ்வெட்டர். முன்பக்கம் ஜிப் வைத்ததாக இருக்கட்டும். கட்டடங்களுக்குள்ளே 21, 22 டிகிரி இருக்கும், நுழைந்ததும் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேர்க்கும். வேர்த்தால் முன்னே சொன்ன கதைதான்.

வெளியே காற்று புகாத, தலைக்கு மூடி வைத்த, இடுப்புக்குக் கீழே தொடை வரை இறங்கும் கோட். இதுதான் விலை கூடியது. இங்கே ஸ்டேட் தெருவில் தள்ளுபடித் துணிக்கடைகள் வரிசையாக இருக்கு, ஜனவரியில் குளிர்காலச் சரக்கைத் தள்ளிவிடுவார்கள். ஆனாலும் ஒரு நடுத்தர கோட்டையாவது ஊரிலேயே வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு வாங்க. ஓஹேர் கதவு திறக்கும் போதே தேவை, கடை அதற்கு அப்புறம்தான்.

தெர்மல், ஃப்ளீஸ், கம்பளி சாக்ஸ் சென்னை டெகாத்லானில் கிடைக்கும். ஷூ மட்டும் ஊரிலேயே வாங்கி இரண்டு வாரம் போட்டுப் பழக்குங்க. தண்ணீர் புகாதது, அடியில் ஆழமான ரப்பர் வரி உள்ளது, வழக்கமான அளவைவிட அரை அளவு கூட. கம்பளி சாக்ஸோடு இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது, கால் இன்னும் சில்லிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. கால் மரத்தது தெரியாமலே புண் வரும். தினமும் இரவு அம்மாவின் பாதத்தையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்க.

கிளவுஸில் ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட, நான்கு விரலும் ஒன்றாகப் போகும் வகைதான் சூடு.

---

மஞ்சக்குப்பம்

உப்பளம் சார், லேக்வியூ சார், மிக்க நன்றி. ஓசிஐ கார்டு பற்றி யாரும் சொல்லவே இல்லை. அம்மாவின் கேள்வி ஒன்று: புடவையிலேயே சமாளிக்க முடியுமா? சுடிதார் பழக்கமில்லை என்கிறார். வெந்நீர் இல்லாமலும் இருக்க மாட்டார், வீட்டு கெட்டிலை எடுத்துக்கொள்ளலாமா?

---

லாஸ்பேட்டை அக்கா

தம்பி, புடவை கட்டலாம், ஆனால் வெளியே தெருவில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணம் குளிர் இல்லை. நடைபாதையில் ஸ்நோ உருக உப்பு கொட்டியிருப்பார்கள். உருகிய தண்ணீர் சாம்பல் நிறக் குழம்பாக ஓரத்தில் நிற்கும். கொசுவம் அதில் தோய்ந்து, ஈரமாகி, கணுக்காலில் ஒட்டும். வெளியே நிற்க நிற்க அந்த ஓரம் விறைத்துப்போய் அட்டை மாதிரி ஆகும். காயும்போது வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கும். அதோடு படியேறும்போது ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கினால் கைப்பிடியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். முட்டி வலி உள்ளவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

நடுவழி ஒன்று இருக்கு. உள்ளே ஃப்ளீஸ் வைத்த கெட்டியான லெக்கிங்ஸ், மேலே தொடை வரை நீளும் தளர்ந்த குர்த்தா, அதன்மேல் நீண்ட கோட். கோட் போட்டபின் அது சுடிதாரா வேறென்னவா என்று அம்மாவுக்கே தெரியாது. இப்போதே வாங்கிக் கொடுத்து வீட்டில் நாலு நாள் போட்டுப் பழகச் சொல்லுங்க. புடவையை ஓட்டலிலும் திரும்பும் விமானத்திலும் கட்டட்டும்.

கெட்டில் எடுத்துப் போகாதீங்க. அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்மூரில் 230. வோல்ட் பாதியானால் சூடு கால்வாசி ஆகும். வீட்டு 1500 வாட் கெட்டில் அங்கே 400 வாட்தான் இழுக்கும். ஒரு லிட்டர் கொதிக்கக் கால் மணி நேரம் ஆகும், சில கெட்டில் கொதிக்கவே கொதிக்காது. ரைஸ் குக்கருக்கும் இதே கதி. ஓட்டல் அறையில் காபி மெஷின் இருக்கும். பொடி போடாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட விட்டால் வெந்நீர் வரும், ஆனால் முதல் இரண்டு தடவை காபி வாசனை அடிக்கும், அதைக் கொட்டிவிடணும். கொதிக்கவே வேண்டும் என்றால் அங்கே ஒரு சின்ன கெட்டில் வாங்கிவிடுங்க. செல்போன் சார்ஜர் இரண்டு வோல்ட்டிலும் ஓடும், தட்டை ஊசி வைத்த அடாப்டர் மட்டும் போதும்.

அறையில் தாளிப்பது, ஊதுபத்தி, சூடம் எதுவும் கூடாது. புகை அலாரம் அடித்தால் மாடி மொத்தமும் இறங்கி ஓடும்.

இன்சுலின் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு தடவை உறைந்தால் அது போச்சு. உருகியபின் பார்க்க நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. அதனால் லக்கேஜில் போடவே கூடாது, கைப்பையில்தான். வெளியே போகும்போது கைப்பையின் வெளிப்பக்கப் பாக்கெட்டிலும் வேண்டாம், கோட்டுக்கு உள்ளே, உடம்புச் சூடு படும் பையில். அறையில் ஜன்னலோரம் ஹீட்டர் பெட்டி இருக்கும், அதன்மேல் வைத்தால் வெந்து போகும். சின்ன ஃபிரிட்ஜில் உறைப்பெட்டியை ஒட்டி வைத்தால் உறையும். கதவுத் தட்டுதான் சரி. மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் டாக்டரிடம் எழுதி வாங்குங்க. நேரம் பதினொன்றரை மணி பின்னால் போகும், பயண நாளில் ஊசி எப்போது, எத்தனை யூனிட் என்பதையும் அவரிடமே எழுதிக் கேளுங்க.

சர்க்கரை பார்க்கும் மீட்டரும் குளிரில் தப்பு காட்டும், பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே ஓடாது. உள்ளே வந்து, மீட்டர் அறைச் சூட்டுக்கு வந்தபின், கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தணும். சில்லிட்ட விரலில் ரத்தமே வராது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகும் என்பது மார்கழியில் நம்மூரிலேயே தெரியும். அங்கே பாட்டிலில் கல்லாக நிற்கும், வாய் குறுகிய பாட்டில் என்றால் ஒரு சொட்டு வராது. அகல வாய் டப்பாவில் எடுத்துக்கோங்க. ஹீட்டர் காற்றில் உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும். வாஸ்லைனை உதட்டிலும் மூக்கு ஓரத்திலும் தடவச் சொல்லுங்க.

---

கூத்தப்பாக்கம்

டிக்கெட் போடும் முன் ஒன்று. போகியன்று விடியற்காலை சென்னை விமானம் வேண்டாம். மார்கழிக் கடைசிப் பனியோடு பழைய பொருள் கொளுத்தும் புகையும் சேர்ந்து ஓடுதளமே தெரியாமல் போகும். 2018 போகியில் வரவேண்டிய விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பினார்கள், நிறைய தாமதம். உங்களுக்கு அபுதாபியில் மாறும் விமானம் வேறு இருக்கு. ஒன்று 13-ஆம் தேதியே கிளம்புங்க, இல்லை போகியன்று முற்பகல் தாண்டி எடுங்க. திண்டிவனம், மேல்மருவத்தூர் பக்கமும் அன்று காலை மூட்டமாகத்தான் இருக்கும். நெரிசல் பற்றிக் கவலை வேண்டாம், அது சென்னையை விட்டு வெளியே வரும் பக்கம்தான். ஆனாலும் கடலூரிலிருந்து விமான நிலையத்துக்கு 5 மணி நேரம் வைத்துக்கோங்க.

அபுதாபி வழி நல்ல தேர்வு. அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். ஓஹேரில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கி வெளியே வந்துவிடலாம், அம்மா ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கே நேரம் வேண்டும். இரண்டு விமானத்துக்கும் இடையே குறைந்தது 3 மணி நேரம் இருக்கட்டும். வீல்சேர் கேட்டுப் பதிவு செய்யுங்க, டிக்கெட் போடும்போதே. கவுன்டரில் போய்க் கேட்டால் காத்திருக்க நேரும்.

ஸ்நோ விழுந்தால் ஓஹேரில் ஒவ்வொரு விமானத்தின் இறக்கையிலும் மருந்து தெளித்துப் பனியைக் கரைத்தபின்தான் பறக்க விடுவார்கள். அதனால் வரிசை நீளும். 18 இரவு கிளம்பி 20 அல்லது 21-இல் ஊரில் முக்கியமான வேலை எதுவும் வைக்காதீங்க. லக்கேஜ் ஒரு நாள் பின்தங்கி வரும் வாய்ப்பும் உண்டு. ஒரு செட் தெர்மல், சாக்ஸ், கிளவுஸ், மூன்று நாள் மருந்து கைப்பையில் இருக்கணும். கோட்டும் ஷூவும் உடம்பிலேயே வந்துவிடும்.

சாப்பாட்டுச் சாமான்: என்ன கொண்டுபோனாலும் 'உணவு இருக்கு' என்று சொல்லிவிடுங்க. சொல்லிவிட்டால் அதிகபட்சம் பறிப்பார்கள், மறைத்தால் அபராதம். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாம் பிரச்சினை இல்லை. பச்சைக் கறிவேப்பிலை கூடாது, எலுமிச்சை வகை மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் வரும் என்று தடை. அரிசியும் கூடாது, தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டுக்காக. பொங்கலுக்கு ஒரு பிடி பச்சரிசி என்று அம்மா முடிந்து வைப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்க. வாழைப்பழம், மாங்காய், விதை எதுவும் வேண்டாம்.

அம்மாவுக்குப் பயணக் காப்பீடு தனியாக எடுங்க. ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் பணம் தருமா என்ற வரியை மட்டும் தேடிப் படித்துவிட்டு எடுங்க. சர்க்கரையை மறைத்து எடுத்த பாலிசி ஒன்றுக்கும் உதவாது.

---

லேக்வியூ

இப்போது ஊர் சுற்றுவது. ஜனவரி நடுவில் சூரியன் காலை 7.15-க்கு உதிக்கும், மாலை 4.45-க்கு விழுந்துவிடும். ஊரில் காப்பி குடிக்கும் நேரத்தில் இங்கே இருட்டு. எனவே ஒரு நாளுக்கு இரண்டு இடம், அதுவும் இரண்டும் அருகருகே. சூடான கதவிலிருந்து அடுத்த சூடான கதவு எத்தனை நிமிடம் என்பதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கணும். அம்மாவுக்கு அது 7 நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

தூரம் கணக்குப் போட ஒரு வழி. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டும் இடம் பூஜ்யம். அங்கிருந்து வடக்கிலும் மேற்கிலும் கதவு எண் 800 கூடினால் ஒரு மைல், 100 கூடினால் சுமார் 200 மீட்டர். முகவரியைப் பார்த்ததுமே எவ்வளவு நடை என்று தெரிந்துவிடும். ஓட்டலை ஸ்டேட் தெருவுக்கும் மிச்சிகன் அவென்யூவுக்கும் நடுவே எடுங்க. ஜனவரியில்தான் அறை வாடகை மலிவு. காட்டும் விலையோடு 17 சதவீதத்துக்கு மேல் வரி சேரும், அதைச் சேர்த்து ஒப்பிடுங்க. 18-ஆம் தேதி இங்கே அரசு விடுமுறை, அந்த வார இறுதி கொஞ்சம் ஏறும்.

ஓஹேரிலிருந்து புளூ லைன் ரயில் 24 மணி நேரமும் ஓடும், லூப்புக்கு சுமார் 45 நிமிடம். ஓஹேரில் ஏறுபவர்களுக்குக் கட்டணம் மற்ற நிலையங்களைவிடக் கூடுதல், ஆனாலும் டாக்சியில் ஒரு சின்னப் பங்குதான். வங்கிக் கார்டைத் தொட்டாலே கதவு திறக்கும், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்பும் முன் திறந்து வையுங்க. ஐந்தாம் டெர்மினலில் இறங்கினால் ரயில் நிலையம் அங்கே இல்லை. விமான நிலையத்துக்குள்ளேயே ஓடும் இலவச ரயிலில் மற்ற டெர்மினல் பக்கம் போகணும். லூப்பில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் கிடையாது. கிளார்க்-லேக், ஜாக்சன் இரண்டிலும் உண்டு, அங்கேதான் இறங்கணும்.

நடைமேடையில் கூரைக்கு அடியில் ஆரஞ்சு நிற விளக்கு வரிசை இருக்கும், பக்கத்துத் தூணில் ஒரு பட்டன். அழுத்தினால் விளக்கு சிவந்து தலைக்கு மேலிருந்து சூடு இறங்கும். கொஞ்ச நேரத்தில் தானாக அணையும், மறுபடி அழுத்தணும்.

வெள்ளிக்கிழமை: ஆர்ட் இன்ஸ்டிடியூட். செவ்வாய், புதன் மூடியிருக்கும், மற்ற நாள் காலை 11 மணிக்குத் திறப்பார்கள். கோட்டை நுழைவிலேயே வைத்துவிடலாம், வீல்சேரும் கேட்டு வாங்கலாம். சூராவின் புள்ளி ஓவியம், ஹாப்பரின் இரவுக் கடை, கிரான்ட் உட்டின் கவட்டைக் கழி பிடித்த விவசாயி எல்லாம் இங்கேதான். ஆனால் நீங்கள் முதலில் போகவேண்டியது ஆசியக் கூடத்துக்கு. நாகப்பட்டினத்திலிருந்து போன 12-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் புத்தர் அங்கே தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். சூடாமணி விகாரம் நின்ற ஊர். கடலூரிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் நாகை. நெற்றிக்கு மேலே சுருள் முடி, அதன்மேல் சுடர் மாதிரி எழும் கொண்டை. அந்தச் சுடரை வைத்துத்தான் நாகைப் புத்தர்களை அடையாளம் சொல்வார்கள். அம்மாவை அதன் எதிரே உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஓவியங்களைச் சுற்றிவிட்டு வரலாம்.

1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டட வளாகத்தில்தான். அவர் பேசிய ஹால் ஆஃப் கொலம்பஸ் தற்காலிக அரங்கு, இப்போது இல்லை. ஃபுல்லர்ட்டன் ஹாலைக் காட்டி 'இங்கேதான் பேசினார்' என்பார்கள், அது திறந்ததே 1898-இல். வெளியே மிச்சிகன் அவென்யூவில் அவர் பெயரில் பழுப்பு நிறத் தெருப்பலகை இருக்கும்.

அங்கிருந்து வடக்கே மில்லேனியம் பூங்காவின் 'பீன்' சிற்பத்தைப் பார்த்துவிட்டு கல்ச்சுரல் சென்டருக்குள் நுழைந்துவிடுங்க. 1897-இல் நூலகமாகக் கட்டியது, அனுமதி இலவசம். 38 அடி விட்டமுள்ள டிஃபனி கண்ணாடிக் குவிமாடம் மாடியில் இருக்கு. அடியில் பெட்வே என்ற சுரங்க நடைபாதை போகும். அதிலேயே ஸ்டேட் தெரு வரை வெளிக்காற்று படாமல் போகலாம். மாலையிலும் வார இறுதியிலும் சில பகுதிகளைப் பூட்டிவிடுவார்கள், அதனால் வெள்ளிக்கிழமைப் பகலிலேயே முடித்துவிடுங்க.

சனிக்கிழமை: ஃபீல்ட் மியூசியம். 'சூ' என்ற டி-ரெக்ஸ் எலும்புக்கூடு அங்கே. ஷெட் மீன் காட்சியகம் பக்கத்தில்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஏரிக் காற்று நேராக அறையும். இரண்டில் ஒன்று போதும். ரயிலில் போய் நடக்காதீங்க, 146 பஸ் வாசல் பக்கம் விடும்.

ஞாயிறு: கார்ஃபீல்ட் பார்க் கன்சர்வேட்டரி. கண்ணாடிக் கூரைக்கு அடியில் பனைவகை, வாழை, பெரணி. வெளியே மைனஸ் 10, உள்ளே கடலூர் ஆடி மாத ஈரம். கண்ணாடி போட்டிருந்தால் நுழைந்ததும் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது, துடைத்துக்கொண்டு நில்லுங்க. நேரம் முன்பதிவு செய்யணும். கிரீன் லைனில் அதன் பெயரிலேயே நிலையம் இருக்கு.

பிற்பகல் டெவன் அவென்யூ என்ற இந்தியக் கடைத்தெரு: மளிகை, இட்லி, தோசை எல்லாம். ரெட் லைனில் லயோலா இறங்கி 155 பஸ். தூரம்தான், போக ஒரு மணி நேரம் வைத்துக்கோங்க.

வில்லிஸ் டவர் 103-ஆம் மாடிக்கு முன்கூட்டியே டிக்கெட் போடாதீங்க. மேகம் இறங்கினால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மட்டும்தான் தெரியும், பணமும் திரும்பாது. அன்று காலை தெருவிலிருந்து அண்ணாந்து பாருங்க. உச்சி தெரிந்தால், மாலை 4 மணிக்கு ஏறும்படி போடுங்க. வெளிச்சமும் விளக்கும் இரண்டும் கிடைக்கும்.

---

லாஸ்பேட்டை அக்கா

லேக்வியூ தம்பி சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வந்திறங்கும் மாலை புளூ லைன் வேண்டாம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கால் வீங்கியிருக்கும். இரண்டு பெட்டி, இருட்டு, லிஃப்ட் எங்கே என்று தேடல், அப்புறம் உப்புத் தெருவில் நடை. அன்று டாக்சி. திரும்பும் நாள் பகலில் ரயிலில் போகட்டும், அப்போது ஊர் பழகியிருக்கும்.

சாப்பாட்டில் ஒன்று: டீப் டிஷ் என்ற சிகாகோவின் தடிமனான பீட்சா வேக 45 நிமிடம் ஆகும். உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லிவிடணும், இன்சுலினை அது மேசைக்கு வந்தபின்தான் போடணும். ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். சைவம் என்றால் கோழியும் மீனும் இல்லை, சூப்பில் இறைச்சிச் சாறும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கோங்க. தண்ணீர் கேட்டால் ஐஸ் நிரப்பித்தான் வரும், ஐஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லணும். பில்லில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம்.

---

லேக்வியூ

அக்கா சொல்வது சரி. தனி ஆளுக்குத்தான் ரயில், இவர்களுக்கு அன்று டாக்சியே இருக்கட்டும்.

நடை பற்றி விட்டுப்போனது. ஸ்நோ மேல் நடப்பது பயமில்லை, வழுக்குவது அது உருகி மறுபடி உறைந்த இடத்தில்தான். தார்மேல் கண்ணாடி மாதிரி, ஈரம் போலத்தான் தெரியும். குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதம் முழுவதையும் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக நடக்கணும். கையைப் பாக்கெட்டில் விடக்கூடாது. ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் கிடைக்கும், அம்மாவுக்கு நல்லது. ஆனால் மார்பிள் தரையில் அதுவே சறுக்கும், கட்டடத்துக்குள் நுழையும் முன் கழற்றிவிடணும். நடைபாதையில் 'மேலிருந்து பனிக்கட்டி விழும்' என்று பலகை வைத்திருந்தால் அடுத்த பக்கம் போய் நடங்க, அது சும்மா வைத்த பலகை இல்லை.

---

மஞ்சக்குப்பம்

13 பகல் விமானமாக மாற்றிவிட்டேன், அபுதாபியில் இடைவெளி 4 மணி நேரம். லெக்கிங்ஸுக்கு அம்மா சம்மதித்துவிட்டார். அவருடைய ஒரே ஆசை ஏரிக்கரைக்குப் போய்க் கொஞ்ச தூரம் நடப்பது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் மாலை நடக்கிறவர். காற்றில்லாத நாளாகப் பார்த்துப் போகலாமா?

---

லேக்வியூ

போகலாம், நடைபாதையோடு நிற்கணும். நம் கடற்கரைப் பழக்கம் இங்கேதான் ஆபத்து. கரையிலிருந்து ஏரிக்குள்ளே வெள்ளையாக, மணல்மேடு மாதிரி மேடு பள்ளமாகப் பனிக்கட்டி நீண்டிருக்கும். தரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அலை அடித்து அடித்துச் சேர்ந்த கட்டி அது, கீழே வெற்றிடமும் ஓட்டையும் இருக்கும், மேலே ஸ்நோ மூடியிருக்கும். கால் உள்ளே போனால் ஏறி வர விளிம்பு கிடைக்காது. சிலர் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதைப் பார்த்து இறங்காதீங்க. கான்கிரீட் படிகளிலும் வேண்டாம், அலைத் துளி உறைந்து வழுவழுவென்று இருக்கும்.

மியூசியம் போகும் சனிக்கிழமை, ஃபீல்ட் வாசலிலிருந்தே ஏரி தெரியும். கைப்பிடிச் சுவர் உள்ள இடத்தில் நின்று பார்க்கட்டும். காற்றில்லாத கடுங்குளிர் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர்ப் பரப்பிலிருந்து ஆவி எழும், பானையில் உலை கொதிக்கிற மாதிரி. பத்து நிமிடம், அப்புறம் உள்ளே.

செல்போனை உள் பாக்கெட்டில் வைத்து வெளியே எடுத்ததும் படம் எடுத்துவிடுங்க. குளிரில் பேட்டரி 40 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடும்.